அடுப்பை அணைத்தவர்கள்

“இதென்ன மச்சாள், பற்றிஸ் மட்டும்தானே?”

என் தட்டில் இருந்த, கறி வைத்துப் பொரித்த பற்றிஸைப் பார்த்துச் சிவமலர் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அவள் கையில் மூன்றடுக்குப் பாத்திரம் இருந்தது. மேல் அடுக்கில் ரோல்ஸ். நடு அடுக்கில் உழுந்து வடை. கடைசி அடுக்கை அவள் திறக்கவில்லை. அதுதான் எனக்கு நெஞ்சுக்குள் குத்தியது.

சிவமலர் என் கணவரின் தங்கை. ஜேர்மனியிலேயே ஊன்ட்றொப் அம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் முப்பது வருடம் இருந்துவிட்டு, அதற்கு முந்தின வருடம்தான் மகனோடு எங்கள் ஊரான கெல்சென்கிர்ச்சனுக்கு வீடு மாறி வந்தாள். அங்கே பிள்ளைகளுக்கு நாடகம் பழக்கிப் பெயர் எடுத்தவள் என்று சொல்லிக்கொண்டார்கள். யார் சொன்னது? அவளேதான் சொன்னாள்.

இங்கே எங்கள் தமிழ் மன்றத்தில் பத்தொன்பது வருடமாக நாடகம் எழுதுவதும் நான், பழக்குவதும் நான், கடைசியில் மேடை ஏறிப் பூச்செண்டு வாங்குவதும் நான். எங்கள் வீட்டு அலுமாரியில் அந்தப் பத்தொன்பது படமும் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் வேறு சீலை.

அந்த வருடம் நகரசபையின் கலாசாரப் பகுதியிலிருந்து கடிதம் வந்தது. நவம்பர் ஒன்பதாம் திகதி, 1918இல் நடந்த ஜேர்மன் புரட்சியின் நினைவாக ஒரு விழா. ஊரில் இருக்கிற வெளிநாட்டுச் சங்கங்கள் எல்லாம் ஆளுக்கு இருபது நிமிட நாடகம் போட வேண்டும். முடிவில் ஒரு சங்கத்துக்கு ஒரே ஒரு ஆள் மேடைக்கு வந்து நகரசபையின் பூச்செண்டை வாங்க வேண்டும். ‘ஒரே ஒரு ஆள்’ என்பதன் கீழே கோடு போட்டிருந்தார்கள்.

மன்றத் தலைவர் என் கணவர் தவராசா. கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

“பவளம், நீர் எழுதும். தங்கச்சி பழக்கட்டும். அவளும் பாவம், புதுசா வந்து சும்மா இருக்கிறாள்.”

“அப்ப மேடைக்கு ஆர் போறது?”

“அதைப் பிறகு பாப்பம்.”

எங்கள் வீட்டில் நடந்த அத்தனை சண்டைக்கும் காரணம் அவருடைய ‘பிறகு’தான்.

ஒத்திகை சனிக்கிழமைகளில் பின்னேரம் மூன்று மணிக்கு, கத்தோலிக்கத் தேவாலயத்தின் மண்டபத்தில். எங்கள் மன்றத்தில் தேத்தண்ணி முறை என்று ஒன்று உண்டு. ஒத்திகைக்கு வருகிறவர்கள் கிழமைக்கு ஒருவராகத் தேத்தண்ணியும் கடிக்க ஏதாவதும் கொண்டுவர வேண்டும். ஒரு பைக்கற் பிஸ்கட் கொண்டுவந்தாலும் யாரும் குறை சொல்வதில்லை. முதல் கிழமை எப்போதும் பொறுப்பாக இருக்கிறவரின் முறை. அந்த வருடம் பொறுப்பு இரண்டு பேருக்கு. அதனால்தான் இரண்டு பேரும் கொண்டுபோனோம். அதனால்தான் அந்தக் கேள்வி.

அன்று தேனுஜா அந்தப் புரட்சியின் கதையைச் சொல்ல வந்திருந்தாள். அவள் இங்கே பிறந்து, பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பிக்கிற பிள்ளை.

“அன்ரி, இது கப்பலில தொடங்கின கதை இல்லை. குடும்பத்தில தொடங்கினது. ஜேர்மன் சக்கரவர்த்தி கைசரின்ர அம்மம்மா இங்கிலாந்து மகாராணி. அவவுக்குப் பிறகு ராசாவா வந்தவர் கைசருக்குத் தாய்மாமன். அதுக்குப் பிறகு வந்தவர் மாமன்ர மகன்.”

“மச்சான் முறை,” என்றேன் நான்.

“மச்சான் மச்சாள் எண்டாலே கரைச்சல்தான்,” என்றான் றெக்ஸ். பஸ் ஓட்டுகிறவன், மன்னார்ப் பக்கம், வாய் சும்மா இராது. சொல்லிவிட்டு என்னையும் சிவமலரையும் மாறி மாறிப் பார்த்தான்.

“மச்சானிட்ட இந்தியா இருக்கு, இலங்கை இருக்கு, ஆபிரிக்காவில பெரிய பெரிய துண்டுகள் இருக்கு. கைசரிட்ட, பிந்திப் போய்ப் பிடிச்ச டோகோ, கமரூன், தென்மேற்கு ஆபிரிக்கா, கிழக்கு ஆபிரிக்கா, அங்கால கொஞ்சத் தீவுகள். எங்களுக்கும் வெயிலில ஒரு இடம் வேணும் எண்டு நிண்டவை,” என்றாள் தேனுஜா.

“அந்த வெயிலில ஏற்கெனவே இருந்த சனத்தை ஆரும் கேட்டவையே?” என்று கேட்டாள் ஜெசிக்கா. முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். வேலை உடுப்போடு நேரே வந்திருந்தாள்.

“கேக்கேல்ல அக்கா. எதிர்த்து எழும்பினவையைச் சுட்டவை. தென்மேற்கில ஒரு இனத்தையே தண்ணியில்லாத பாலைவனத்துக்குள்ள கலைச்சு விட்டவை.”

தேனுஜா தொடர்ந்தாள்.

“பிறகு கப்பல் போட்டி. இங்கிலாந்து ஒண்டு கட்ட, இவை ஒண்டு கட்ட, அவை அதைவிடப் பெரிசாக் கட்ட. காசுக்கு வரி. செக்ட் எண்ட நுரைக்கிற வைன் போத்தலுக்குக்கூட வரி போட்டவை. அது இண்டைக்கும் இருக்கு.”

“கப்பல் எல்லாம் எங்கயோ போட்டுது, நான் போன கிறிஸ்மசுக்கும் அதுக்கு வரி கட்டியிருக்கிறன்,” என்றான் றெக்ஸ்.

“முதலாம் உலகச் சண்டை தொடங்கின பிறகு அந்தப் பெரிய கப்பல்கள் அனேகமா துறைமுகத்திலதான் நிண்டது. வெளியில சனம் மாட்டுக்குப் போடுற கிழங்கை அவிச்சுத் திண்டது. கப்பலுக்குள்ள அதிகாரிமாருக்கு ஒரு சாப்பாடு, நிலக்கரி அள்ளுறவனுக்கு ஒரு சாப்பாடு. கடைசியில போர் தோத்தாச்சு எண்டு தெரிஞ்ச பிறகும், மானத்துக்காக ஒருக்காக் கடலுக்குப் போய் அடிபடுவம் எண்டு தளபதிமார் முடிவெடுத்தவை. கீழ கொதிகலன் அறையில நிண்டவங்கள் நெருப்பை அணைச்சுப்போட்டாங்கள்.”

“அவ்வளவுதானோ?”

“அவ்வளவுதான் அன்ரி. நெருப்பில்லாமல் கப்பல் எப்பிடிப் போகும்? அங்கயிருந்து கீல் நகரம், அங்கயிருந்து பெர்லின். எல்லா இடமும் தொழிலாளியும் சிப்பாயும் சேந்து தங்களுக்கெண்டு சபை தெரிஞ்செடுத்தவை. பத்துப் பதினொரு நாளில கைசர் பதவியை விட்டுப்போட்டு ஒல்லாந்துக்குப் போயிட்டார்.”

எனக்கு உடனேயே காதுக்குள் அந்தக் கொதிகலன் அறை கதைக்கத் தொடங்கியது. கரி பிடித்த முகத்தோடு ஒருவன் சொல்கிறான்: ‘இந்த நெருப்பை மூட்டினது நாங்கள். அணைக்கிறதும் நாங்கள்தான்.’ அதைக் கைப்பைக்குள் கிடந்த மருந்துத் துண்டின் பின்பக்கத்தில் எழுதினேன். நிமிர்ந்து பார்த்தால் சிவமலர் கடைசி அடுக்கைத் திறந்துவிட்டாள். அரியதரம், மாவும் சர்க்கரையும் சேர்த்துப் பொரிக்கிற அந்த இனிப்பு.

றெக்ஸ் மூன்று சாப்பிட்டான். “அக்கா, ஜேர்மனியில இப்பிடி ஒரு அரியதரம் நான் திண்டதில்லை,” என்றான். போன வருடம் என் அரியதரத்துக்கும் இதே வசனத்தைச் சொன்னவன்தான். என் பற்றிஸில் ஏழு அப்படியே தட்டில் மிஞ்சிக் கிடந்தன. வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

“ஏன் திரும்பி வந்திருக்கு?” என்று கேட்டார் தவராசா.

“உங்கட தங்கச்சியைக் கேளுங்கோ.”

அடுத்த சனிக்கிழமை நான் நான்கு வகை கொண்டுபோனேன். அதற்கு அடுத்ததில் சிவமலர் ஐந்து வகையோடு வந்தாள், அதில் ஒன்று கொத்துரொட்டி. தேத்தண்ணிக்குக் கொத்துரொட்டி யாராவது கொண்டுவருவார்களா? அவள் கொண்டுவந்தாள். சனமும் சாப்பிட்டது.

நாடகத்தில் இரண்டு காட்சி. முதல் காட்சியில் கெல்சென்கிர்ச்சன் பெண்கள் கிழங்குக்கு வரிசையில் நிற்கிறார்கள். இரண்டாவதில் கொதிகலன் அறை. எழுதினது நான், ஆனால் சிவமலர் இரண்டாம் காட்சியைப் பழக்கப் பழக்க அது அவளுடையதாகிக்கொண்டிருந்தது. ஜெசிக்காவுக்கு அந்த நெருப்பு வசனத்தை அவள் சொல்லிக்கொடுத்ததை ஒரு நாள் கதவடியில் நின்று கேட்டேன். “மெதுவாச் சொல்லும். கோபக்காறன் கத்துவான், முடிவெடுத்தவன் கத்தமாட்டான்,” என்றாள். அது சரி. அது சரியாக இருந்ததுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. அதை நான் ஏன் யோசிக்கவில்லை?

அன்றே சொல்லிவிட்டேன். “முதல் காட்சியை நானே பழக்குறன்.”

“பழக்குங்கோ மச்சாள். சின்னக் காட்சிதானே.”

அதோடு மண்டபத்தில் மேசையும் இரண்டானது. முதல் காட்சிக்காரருக்கு ஒரு மேசை, கொதிகலன் அறைக்காரருக்கு ஒரு மேசை. என் மேசை குறைவாகத் தெரியக்கூடாது என்று என் ஆட்கள் ஒவ்வொருவரும் ஏதாவது செய்து கொண்டுவர வேண்டும் என்றேன். அடுத்த கிழமை சிவமலரும் தன் ஆட்களுக்கு அதையே சொன்னாள், இனிப்பு ஒன்று உறைப்பு ஒன்று என்று. நான் புதன்கிழமையும் ஒத்திகை வைத்தேன். அவள் வெள்ளிக்கிழமையும் வைத்தாள்.

“அக்கா, இது அந்தக் கப்பல் போட்டி மாதிரியெல்லே கிடக்கு,” என்றான் றெக்ஸ்.

“நீர் வசனத்தைப் பாடமாக்கும்,” என்றேன்.

வீட்டில் தவராசாவின் பாடுதான் பாடு. என்னிடம் சாப்பிட்டுவிட்டு “உம்மட கைப்பக்குவம் ஆருக்கும் வராது” என்பார். தங்கச்சி வீட்டிலும் அதைத்தான் சொல்லியிருக்கிறார் என்று பிறகுதான் தெரியவந்தது. “நடுவில நிக்கிற நாட்டுக்காறன்ர நிலைமை எனக்கு இப்பதான் விளங்குது,” என்று ஒரு நாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஜெசிக்காவின் கதையை மறைக்கக்கூடாது. ஒரு புதன்கிழமை, கிழங்கு வரிசையில் நிற்க எனக்கு ஒரு ஆள் குறைந்தது. ஜெசிக்காவை வரச் சொன்னேன். காலை வேலை முடித்து நேரே வந்தாள், கண் எல்லாம் சிவந்து. கையில் கடையில் வாங்கின பிஸ்கட் பைக்கற் ஒன்று. அதை என் மேசையில் வைத்தாள். அந்த நேரம் பார்த்துச் சிவமலரும் ஏதோ எடுக்க வந்து நின்றாள். அவள் பார்வை பிஸ்கட்டில் விழுந்தது. உதட்டோரம் ஒரு சிரிப்பு.

“ஜெசிக்கா, உந்தப் பிஸ்கட்டைப் பைக்குள்ள வையும். கடையில வாங்கினதை என்ர மேசையில வைக்காதையும்,” என்றேன்.

ஜெசிக்கா பைக்கற்றை எடுத்துத் திரும்பவும் பைக்குள் வைத்தாள். அன்று வரிசையில் நின்று கிழங்கு கேட்கிற வசனத்தை அவள் சொன்னபோது மண்டபத்தில் ஒருவரும் அசையவில்லை. ‘நல்லா நடிக்கிறாள்’ என்று நினைத்துக்கொண்டேன்.

விழாவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கலாசாரப் பகுதியிலிருந்து ஒரு அம்மா ஒத்திகை பார்க்க வருவதாகச் சொன்னார்கள். மேடைக்கு வருகிற ஆளின் பெயரை அன்றே எழுதிக்கொண்டு போவாவாம். எனக்கும் சிவமலருக்கும் அந்த ஒரு விசயத்தில் மட்டும் ஒரே கருத்து: ஞாயிறு முழுநாளும் ஒத்திகை. எல்லாரும் வர வேண்டும், எல்லாரும் சமைத்துக்கொண்டு வர வேண்டும்.

“ஞாயிறு எனக்கு ஃபுறூடீன்ஸ்ட்,” என்றாள் ஜெசிக்கா. விடியற்காலை வேலையை இங்கே அப்படித்தான் சொல்வோம்.

“எனக்கும் பஸ் ஓட்டம் இருக்கு,” என்றான் றெக்ஸ்.

“ஆரிட்டையும் மாத்திக் கேளுங்கோ,” என்றாள் சிவமலர்.

“ஒரே ஒரு நாள்,” என்றேன் நான். “எங்கட மானத்துக்காக.”

றெக்ஸ் ஜெசிக்காவைப் பார்த்தான். ஜெசிக்கா தேனுஜாவைப் பார்த்தாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை நான் மண்டபத்துக்குப் போனபோது சிவமலர் எனக்கு முன்னாலேயே வந்து நிற்கிறாள். அவளிடம் பொரிக்காத ரோல்ஸ் அறுபது. என்னிடம் பொரிக்காத பற்றிஸ் எழுபது. சுடச்சுடக் கொடுத்தால்தான் அந்த அம்மா மயங்குவா என்று இரண்டு பேரும் தனித்தனியாக யோசித்திருக்கிறோம். ஆளுக்கொரு பொரிக்கிற தாச்சியைத் தூக்கிக்கொண்டு குசினிப் பக்கம் போனோம்.

வாசலில் றெக்ஸ் நின்றான், பஸ் சாரதி உடுப்போடு. அவனுக்குப் பின்னால் எங்கள் ஆட்கள் மற்றப் பதினான்கு பேரும் நின்றார்கள். ஒருவர் கையிலும் பாத்திரம் இல்லை.

“தள்ளும் றெக்ஸ், அடுப்பைப் போடோணும்,” என்றேன்.

“அடுப்பு வேலை செய்யாது அக்கா. மெயின் சுவிச்சை நிப்பாட்டிப் பெட்டியைப் பூட்டியாச்சு. திறப்பு இந்த வேதக்கோயில் பொறுப்பாளரிட்ட இருக்கு.”

“ஆர் சொல்லி?”

“நாங்கள் எல்லாரும் சேந்து.”

“விசரே உங்களுக்கு? அந்த அம்மா பதினொரு மணிக்கு வரப்போறா!” என்றாள் சிவமலர்.

அப்போது ஜெசிக்கா முன்னுக்கு வந்தாள். காலை வேலையை யாருடனோ மாற்றியிருக்கிறாள், ஆனால் எங்களுக்காக இல்லை.

“இந்த நெருப்பை மூட்டினது நாங்கள், அக்கா,” என்றாள், மெதுவாக. “அணைக்கிறதும் நாங்கள்தான்.”

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அதற்கு முதல் வந்தது வேறு.

“அது நான் எழுதின வசனம்,” என்றேன்.

“அது நான் சொல்லிக்குடுத்த குரல்,” என்றாள் சிவமலர்.

றெக்ஸ் சிரித்துவிட்டான். பின்னாலிருந்து இன்னும் இரண்டு மூன்று பேர். ஜெசிக்கா மட்டும் சிரிக்கவில்லை.

“பாருங்கோ, இப்பவும் அதுதான். நீங்கள் இரண்டு பேரும் ஆளையாள் பாத்துச் சமைச்சதுக்கு நாங்கள் ஏனக்கா வரி கட்டோணும்? பத்து மணித்தியாலம் வயசானவையைத் தூக்கிக் கிடத்திப் போட்டு வந்து நான் வடை சுடோணுமோ? பிஸ்கட் கொண்டு வந்தால் மேசையில வைக்கக்கூடாது. மேசை ஆற்ர மேசை? கோயில்ர மேசை.”

அவள் பேசப் பேச என் கையில் தாச்சி கனத்தது. அந்தப் பிஸ்கட் பைக்கற்றை அவள் திரும்பப் பைக்குள் வைத்த விதம் அப்போதுதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. அன்று வரிசையில் அவள் நின்ற நிலை நடிப்பில்லை.

“இப்ப என்ன வேணும் உங்களுக்கு?” என்று கேட்டேன்.

தேனுஜா ஒரு தாளை எடுத்து வாசித்தாள். மூன்றே மூன்று வரி. ஒத்திகை சனிக்கிழமை மட்டும். தேத்தண்ணி முறை பழையபடி, பிஸ்கட்டும் போதும். பொறுப்பு இனி ஜெசிக்கா, றெக்ஸ், தேனுஜா மூன்று பேருக்கும். நேற்று இரவு தனியாகக் கூடிக் கை உயர்த்தித் தெரிந்தெடுத்திருக்கிறார்கள்.

“தலைவர் ஓம் எண்டவரோ?” என்றாள் சிவமலர், தன் தமையன் கைவிடமாட்டான் என்ற நம்பிக்கையில்.

“தவராசா அண்ணையும் கை உயர்த்தினவர்,” என்றான் றெக்ஸ்.

நானும் சிவமலரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அந்த மனுசன் காலையில் என் பற்றிஸ் கறியை ருசி பார்த்து, உப்பு அளவு என்று சொல்லி அனுப்பினவர்.

பதினொரு மணிக்கு அந்த அம்மா வந்தா. ஒத்திகை நடந்தது. நாங்கள் இருவரும் மண்டபத்துக்கு வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம், பக்கத்தில் பொரியாத நூற்றுமுப்பது துண்டுகளோடு. உள்ளே நெருப்பு வசனம் வந்தபோது இரண்டு பேரும் பேச்சை நிறுத்திக் காது கொடுத்தோம். பேச்சு என்றால், “குளிர்” என்று அவள் சொன்னாள், “ஓம்” என்று நான் சொன்னேன், அவ்வளவுதான். பிறகு அந்த அம்மா வெளியே வந்து எங்களைக் கடந்து போனா. கையில் இருந்த தாளில் ஒரு பெயர்தான் எழுதியிருந்தது. ஜெசிக்கா.

ஒன்பதாம் திகதி நாடகத்தை மூன்றாம் வரிசையில் இருந்து பார்த்தேன். பத்தொன்பது வருடத்தில் எங்கள் நாடகத்தை நான் முன்னாலிருந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. பக்கத்துக் கதிரையில் சிவமலர். அங்கால் தவராசா, இரண்டு பேரிலிருந்தும் ஒரு கதிரை தள்ளி.

நல்லாக இருந்தது. நான் இல்லாமலே நல்லாக இருந்தது. துண்டுப் பிரசுரத்தில் என் பெயரைத் தேடினேன். ‘எழுதியதும் பழக்கியதும்: எல்லோரும்’ என்று கிடந்தது. சிவமலரும் தன் பெயரைத் தேடினாள், விரலை வைத்து, மேலிருந்து கீழே.

ஜெசிக்கா மேடைக்குப் போனாள். முகத்தில் கொதிகலன் அறைக் கரி அப்படியே. சனம் எழும்பி நின்று கைதட்டியது. எனக்கு ஒரு நாளும் எழும்பி நின்றதில்லை. அவள் ஜேர்மன் மொழியில் இரண்டு வசனம் சொல்லிவிட்டுத் தமிழில் சொன்னாள்: “எங்களுக்கு இவ்வளவு நாளும் சாப்பாடு தந்த இரண்டு அக்காமாருக்கும் நன்றி.”

சாப்பாடு. நான் எழுதினதையெல்லாம் விட்டுவிட்டுச் சாப்பாடு.

“ஆற்ர சாப்பாட்டைச் சொல்லுறாள்?” என்று குசுகுசுத்தாள் சிவமலர். பிறகு அவளே, “முகத்தைக் கழுவிப்போட்டெல்லோ பூ வாங்கப் போயிருக்கோணும்,” என்றாள்.

“ஓம் மச்சாள். கொஞ்சமும் வடிவில்லை,” என்றேன்.

வடிவாகத்தான் இருந்தது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருபது வருட உறவில் நாங்கள் இருவரும் ஒரே ஆளைப் பார்த்துச் சேர்ந்து பொறாமைப்பட்டது அன்றைக்குத்தான்.

விழா முடிந்து பின் அறையில் தேத்தண்ணி. ஒரே ஒரு மேசை. அதில் கடையில் வாங்கின பிஸ்கட், ஒரு பெரிய தட்டில் கொட்டி வைத்திருந்தார்கள். ஜெசிக்கா கரி முகத்தோடு தட்டை எங்கள் பக்கம் நீட்டினாள்.

“எடுங்கோ அக்கா.”

“அண்டைக்கு நான் அப்பிடிச் சொல்லியிருக்கக்கூடாது,” என்றேன், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

“ஓம், சொல்லியிருக்கக்கூடாதுதான்,” என்றாள் ஜெசிக்கா. தட்டைப் பின்னுக்கு இழுக்கவில்லை. நீட்டியபடியே நின்றாள்.

நான் இரண்டு எடுத்தேன். சிவமலர் என் கையைப் பார்த்தாள். பார்த்துவிட்டு மூன்று எடுத்தாள்.